வீட்டுத் தோப்பில் கோழி வளர்க்க: ஒரு நாள் குஞ்சா, அடைக்கோழியா, வளர்ந்த குஞ்சா?

தோப்புவீடு (வேலந்தாவளம், சித்தூர் வட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், வேலந்தாவளத்தை ஒட்டி எங்களுக்கு 40 சென்ட் தென்னந்தோப்பும் அதன் நடுவில் ஓட்டு வீடும் உள்ளன. மாடு இருக்கிறது, கொஞ்சம் காய்கறி இருக்கிறது. கோழி மட்டும் இல்லை. வீட்டுத் தேவைக்கு முட்டை கிடைத்தால் போதும், மிஞ்சினால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம் என்ற அளவில் பத்துப் பன்னிரண்டு பெட்டைகள் வளர்க்க நினைக்கிறோம். விற்கும் எண்ணம் இல்லை.

குஞ்சை எங்கே, எந்த வயதில் வாங்குவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. மலம்புழை அரசு கோழிப்பண்ணையில் ஒரு நாள் குஞ்சு வாங்கி மின்விளக்கு வைத்து வளர்க்கலாம் என்கிறார் கணவர். பொள்ளாச்சிச் சந்தையில் கூடையில் வைத்து விற்கும் நாட்டுக்குஞ்சுதான் இந்த மண்ணுக்குத் தாங்கும் என்கிறார் மாமியார். பிள்ளைகளோ, மிதிவண்டியில் வருபவர் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள்.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் கிழக்கிலிருந்து விடாமல் காற்று அடிக்கும்; அந்தக் காற்றில் ஒரு நாள் குஞ்சுக்கு எவ்வளவு சூடு, எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கு மேல் வருமாமே, பன்னிரண்டு குஞ்சு வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைசியாக, எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருவதில் ஏதேனும் தடை உண்டா?

---

கீரைப்பாத்தி (எருத்தேன்பதி) எழுதியது:

வணக்கம் சகோதரி. என்ன இனம், என்ன விலை என்று பலரும் தொடங்கும் இடத்தில் நீங்கள் தொடங்கவில்லை என்பதே நல்லது. கோழிக்குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குச் சிறகு முளைக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அந்த நான்கு வாரச் சூட்டை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மின்விளக்கு கொடுக்கலாம், தாய்க்கோழி கொடுக்கலாம், அல்லது வேறொருவர் அந்த மாதத்தைத் தாண்டி வளர்த்துக் கொடுத்ததை வாங்கலாம். மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

சாயக்குஞ்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனங்களின் சேவல் குஞ்சுகள். பொரிப்பகத்தில் பெட்டையைப் பிரித்து எடுத்துக்கொண்ட பின் வேண்டாம் என்று தள்ளப்படுபவை. முட்டை இடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், சூடும் தண்ணீரும் இல்லாமல் அட்டைப்பெட்டிக்குள் நாள்கணக்கில் சுற்றி வந்த குஞ்சு உங்கள் வீட்டுக்கு வரும்போதே பாதி உயிரோடுதான் வரும். பிள்ளைகள் ஆசையாகப் பெயர் வைத்த மறுநாளே குழி தோண்ட நேரும். சந்தைக் குஞ்சும் எனக்கு உடன்பாடில்லை. மாமியார் சொல்வதில் நியாயம் உண்டு, நாட்டுக்கோழி இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் பழகியதுதான். ஆனால் சந்தையில் பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் மூச்சு விடுகிறது. வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேர்வழி அதுவே. நாட்டுக்குஞ்சு வேண்டுமென்றால் தெரிந்த வீட்டில், தாயைப் பார்த்து வாங்குங்கள்.

இனத்தைப் பொறுத்தவரை, திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ, கிராமலட்சுமி இரண்டும் கேரளத்து வீட்டு வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமப்பிரியாவும் நமக்கு ஒத்துவரும். திறந்தவெளியில் மேய்ந்தே ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டை வரை இடக்கூடியது. அதே நிறுவனத்தின் வனராஜா உடற்கட்டு மிகுந்தது, முட்டை குறைவு. இறைச்சியும் வேண்டுவோருக்கு அது பொருந்தும். பி.வி. 380 என்று நம் பக்கம் பரவலாக விற்கும் செந்நிறக் கோழி முட்டையில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் தினமும் 110 கிராமுக்குக் குறையாமல் கலப்புத் தீவனம் கொடுத்தால்தான் மிஞ்சும். தோப்பில் மேய்ந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் அது வேண்டாம். ஒரு நாள் குஞ்சைச் சேவல், பெட்டை பிரிக்காமல் வாங்கினால் பாதி சேவலாகத்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பன்னிரண்டு பெட்டை வேண்டுமென்றால் இருபத்தைந்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

இனி மின்விளக்கு முறை. தகரத்தையோ கெட்டி அட்டையையோ ஒன்றரை அடி உயரத்திற்கு வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே அடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும், அதனால்தான் வட்டம். தரையில் இரண்டு அங்குலத்திற்கு உமி. அதன்மேல் முதல் மூன்று நான்கு நாட்களுக்குக் கோணி விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உமியையே தீனி என்று கொத்தும். பலர் செய்தித்தாளை விரிக்கிறார்கள். வழுவழுப்பான தாளில் நடந்து பழகும் குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோய், பிறகு நிமிராமலே போய்விடுவதுண்டு.

குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். அதன்பின் வாரத்திற்கு ஏறக்குறைய மூன்று டிகிரி குறைத்து, வெளிச் சூட்டோடு ஒத்துப்போகும்வரை கொண்டுவர வேண்டும். வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கின் நேர் அடியில் கும்பலாக ஒட்டிக்கொண்டு கூரிய குரலில் கத்தினால் குளிர், விளக்கை இறக்குங்கள். சுவரோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து, சிறகைத் தொங்கவிட்டால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரு பக்கமாகவே ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று நுழைகிறது என்று பொருள், நம் ஊரில் மார்கழியில் அது பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் கோணித் திரை கட்டுங்கள். ஆனால் மேலே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். முழுவதும் மூடினால் எச்சத்தின் நெடி கட்டிக்கொண்டு குஞ்சுகளுக்குக் கண் எரியும், சளி பிடிக்கும். மாசி, பங்குனியில் தொடங்குவீர்களானால் இவ்வளவும் தலைகீழ். பகலில் விளக்கே வேண்டாம், தகரக் கூரையின் கீழ் வைக்காமல் இருந்தால் போதும்.

விளக்கு வாங்குவதில் ஒரு சிக்கல். கேரள மின்வாரியத்தின் ஃபிலமென்ட் இல்லாக் கேரளம் திட்டத்திற்குப் பிறகு பழைய குண்டு பல்பு நம் பக்கக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, எல்.இ.டி. விளக்கோ வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. எல்.இ.டி.யை மாட்டிவிட்டுக் குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபத்தைந்து குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதுமானது. கிடைக்காவிட்டால் கோழிப்பண்ணைப் பொருட்கள் விற்கும் கடையில் அகச்சிவப்பு விளக்கு கேளுங்கள், ஆனால் அது வாட் கூடியது என்பதால் உயரத் தொங்கவிட வேண்டும். இரவில் மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். சட்டியில் தணல் வைப்பது பழைய வழக்கம்தான், ஆனால் அடைத்த அறையில் அந்தப் புகையே கொன்றுவிடும்.

தீவனத்திற்கு வருகிறேன். வந்தவுடன் முதலில் தண்ணீர், அதுவும் கொதிக்க வைத்து ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து. ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்துவிடுங்கள், ஒன்று குடிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிட்டால் உள்ளே விழுந்து நனையாது. ஓரிரு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளமோ அரிசி நொய்யோ தூவுங்கள், மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். கடையில் முட்டைக்கோழித் தீவனம் மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்குத் தேவையானதைவிட மூன்று நான்கு மடங்கு. சிறுநீரகம் தாங்காது.

முதல் வாரம் தினமும் காலையில் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்து, ஊறியபின் துடைத்தெடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் பிஞ்சுத் தோலும் சேர்ந்து வரும். துடைத்தபின் உலர்ந்த பிறகுதான் மற்றவற்றோடு விட வேண்டும்.

---

ஆனைமலையான் (பொள்ளாச்சி வட்டம்) எழுதியது:

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே அந்த அம்மா எழுதியதில் சூட்டைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு கோழிக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. என் கருத்தில் உங்கள் இரண்டாவது கேள்வியே முதல் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறது.

குஞ்சுக்குரிய தடுப்பு முறை இது. பொரித்த அன்றே மேரக்ஸ் நோய்க்கு ஊசி. இது பொரிப்பகத்தின் வேலை. ஐந்து முதல் ஏழு நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாம் வாரம் கம்போரோ என்னும் நோய்க்கான தடுப்பு மருந்து. நான்காம் வாரம் மறுபடியும் லசோட்டா. ஆறு, ஏழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டு வாரம் முடிந்தபின் வெள்ளைக்கழிச்சலுக்கே சற்று வீரியமான ஆர்.டி.வி.கே. என்ற ஊசி, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே. இந்தக் கடைசி ஊசியை அவசரப்பட்டு இளங்குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயாகிவிடும். அதற்குமுன் லசோட்டா கொடுத்திருப்பதும் கட்டாயம்.

இந்த மருந்துகள் பெரும்பாலும் உயிருள்ள கிருமியைக் கொண்டவை. பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிட வேண்டும். குடிநீரில் கலப்பதென்றால் குளோரின் போட்ட குழாய் நீர் கூடவே கூடாது. குப்பியோ நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வருகிறது. பன்னிரண்டு சொட்டு எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்ட மனம் வராமல், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த வாரம் போடுகிறார்கள். அதில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது. தடுப்பு மருந்து போட்டும் கோழி செத்துவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் பலரின் கதை இதுதான்.

ஆகவே உங்கள் அளவுக்கு நான் சொல்வது, 45 முதல் 60 நாள் வளர்ந்த குஞ்சு. கேரளக் கால்நடைப் பராமரிப்புத் துறையில் பதிவு பெற்று, ஒரு நாள் குஞ்சை வாங்கி வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எக்கர் நர்சரி என்று கேட்டால் உங்கள் ஊராட்சிக் கால்நடை மருத்துவமனையில் வழிகாட்டுவார்கள். விலை ஒரு நாள் குஞ்சைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் அந்த விலையில் விளக்கு, தீவனம், இடையில் செத்தவை, தடுப்பு மருந்து எல்லாம் அடக்கம். அந்த வயதில் சேவலும் பெட்டையும் கொண்டையைப் பார்த்தே தெரிந்துவிடும் என்பதால் பன்னிரண்டு பெட்டை என்றால் பன்னிரண்டையே வாங்கலாம். எந்தெந்த நாளில் எந்த மருந்து கொடுத்தார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். கண் நுரையில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கை மெதுவாக அழுத்தினால் நீர் வடியக்கூடாது. வயிற்றின் கீழ்ப் பூஞ்சிறகில் பச்சையோ வெள்ளையோ ஒட்டியிருக்கக்கூடாது. மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை இல்லாமல் எலும்பு கத்திபோல் விரலில் பட்டால், அந்தக் குஞ்சு வெளியே தெரியாமல் நோய்ப்பட்டுக் கொண்டிருக்கிறது.

மூன்றிலிருந்து ஆறாவது வாரம் வரை வேறொரு பகை உண்டு, ரத்தக்கழிச்சல். ஈர உமியில்தான் அது பெருகும். தண்ணீர்க் குடுவையைச் சுற்றியுள்ள உமியைக் கையில் அள்ளிப் பிசைந்து பாருங்கள், உருண்டையாகத் திரண்டால் அந்த இடத்தை மாற்றுங்கள். எச்சத்தில் செம்மண் நிறமோ ரத்தமோ கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து குடிநீரில் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும், இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பிழைக்காது. கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் தடுப்பதில்லை. தீவனத்தோடு கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தபின் அதைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை, எந்த அம்மியிலும் இல்லை. வருமுன் போடும் மருந்து ஒன்றே வழி.

---

மாந்தோப்பு (முதலமடை) எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். இருந்தாலும் மாமியார் பக்கம் ஒருவராவது பேச வேண்டும் அல்லவா?

விளக்கு சூடு மட்டும் கொடுக்கும். தாய்க்கோழி சூட்டோடு பிழைப்பையும் கற்றுக்கொடுக்கும். எதைக் கொத்தலாம், எதைக் கொத்தக்கூடாது, எந்த இலைக்கடியில் புழு இருக்கும் என்று கிளறிக் காட்டும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் அடித்தொண்டையில் ஒரு குரல் எழுப்பும், குஞ்சுகள் அந்த நொடியே அதன் இறக்கைக்குள் மறைந்துவிடும். நர்சரியில் அறுபது நாள் அடைபட்டு வளர்ந்த குஞ்சைத் தோப்பில் திறந்துவிட்டால், பருந்தைக் கண்டு நின்று வேடிக்கை பார்க்கும். இதை எங்கள் மாந்தோப்பில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். திறந்து மேயவிடப் போகிறவர்களுக்கு இது சிறிய வேறுபாடல்ல.

அடை வைக்க ஒரு நாட்டுப்பெட்டை போதும். முட்டை இட்டு ஒரு வாரத்திற்குள் இருப்பதாக, விரிசல் இல்லாததாக, மிகப் பெரியதும் மிகச் சிறியதும் நீக்கிப் பத்து முதல் பன்னிரண்டு வரை வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. அகன்ற கூடையில் மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோலும் கொஞ்சம் வேப்பிலையும். கோழிப்பேனும் செள்ளும் இருந்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும் என்பதால், வைக்குமுன் இறக்கைக்கடியில் விரித்துப் பாருங்கள். இடிக்காக இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் கூடையில் போடச் சொல்வார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் பொரிப்பதில் வேறுபாட்டை நான் கண்டதில்லை, ஆனால் மாமியார் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், வீட்டில் அமைதி முக்கியம். ஏழாம் நாள் இரவு முட்டையைக் கைவிளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கருப்பிடித்தது. தெளிவாக மஞ்சள் ஒளி வந்தால் எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும். சித்திரை வெயிலில் மட்டும் அடை வைக்காதீர்கள், கூமுட்டைதான் மிஞ்சும்.

தீவனச் செலவுக்கும் ஒரு வழி. பழைய மண்பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், தென்னை மட்டைத் துணுக்கு ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, தோப்பில் கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடப் புரதம் மிகுந்த தீனி காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இம்முறையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைதான் இடும், பன்னிரண்டு பெட்டை சேர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

---

தோப்புவீடு (வேலந்தாவளம்):

மூவருக்கும் மிக்க நன்றி. சாயக்குஞ்சு விஷயத்தைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு தொடர் கேள்விகள். பக்கத்து வீட்டில் ஒரு நாட்டுப்பெட்டை இப்போது அடையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மலம்புழைக் குஞ்சை வாங்கி அந்தக் கோழியிடம் விட்டால் ஏற்றுக்கொள்ளுமா? ஏற்றுக்கொண்டால் முட்டை மிகுந்த இனமும் கிடைக்கும், தாயும் கிடைக்கும் என்று தோன்றுகிறது. அடுத்து, எங்கள் வரிசையில் வேறு சில வீடுகளிலும் கோழி வளர்க்க ஆசைப்படுகிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் குஞ்சு எடுத்தால் தடுப்பு மருந்துக் குப்பியைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா? எல்லையைப் பற்றிய கேள்விக்கும் விடை வரவில்லை.

---

மாந்தோப்பு (முதலமடை):

அக்கா, ஏற்றுக்கொள்ளும், ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. கோழி அடையில் அமர்ந்து குறைந்தது இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். நேற்று அமர்ந்த கோழிக்குத் தாய்மனம் கனிந்திருக்காது. குஞ்சு ஒன்றிரண்டு நாள் வயதில் இருக்க வேண்டும். ஒரு வாரக் குஞ்சாகிவிட்டால் கோழியும் ஏற்காது, குஞ்சும் அதன் குரலுக்கு வராது. நன்றாக இருட்டியபின் விளக்கில்லாமல் சென்று, முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குஞ்சை ஒவ்வொன்றாக இறக்கைக்கடியில் நுழைத்துவிடுங்கள். கையில் குஞ்சு கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோழி தாழ்ந்த குரலில் குறுகுறுத்தால் ஏற்றுக்கொண்டது. விடியும்போது கட்டாயம் பக்கத்தில் இருங்கள். சில கோழிகள் வெளிச்சத்தில் நிற வேறுபாட்டைக் கண்டு கொத்தும். கொத்தினால் உடனே பிரித்து விளக்கடியில் விட வேண்டியதுதான். ஆகவே விளக்கும் தகர வட்டமும் தயாராக இருக்கட்டும்.

ஒரு கோழிக்குக் குளிர்காலத்தில் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் கொடுக்காதீர்கள். இறக்கைக்கு வெளியே தங்குவது விடியலில் விறைத்துக் கிடக்கும்.

---

ஆனைமலையான் (பொள்ளாச்சி வட்டம்):

மருந்தைப் பங்கிடலாம், பங்கிடுவதே முறை. ஆனால் மருந்தை வீடுவீடாக எடுத்துச் செல்ல வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் எல்லாக் குஞ்சுகளையும் பெட்டிகளில் ஒரே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, கரைத்த குப்பியைப் பனிக்கட்டிக் கிண்ணத்தில் நிறுத்திச் சொட்டு விட்டு அனுப்புங்கள். சொட்டு விட்டபின் குஞ்சு கண்ணை இமைத்து மருந்தை உள்வாங்கும்வரை பிடித்திருந்து பிறகே விட வேண்டும். சோர்ந்து நிற்கும் குஞ்சு ஏதேனும் இருந்தால் அந்த வீட்டுப் பெட்டியே அன்று வரக்கூடாது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாளைச் சொல்லிவிட்டால் மருந்தை வரவழைத்து வைப்பார். எங்கள் பக்கம் தமிழ்நாட்டுக் கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் சனிக்கிழமைகளில் வெள்ளைக்கழிச்சல் ஊசி போடும் வழக்கம் உண்டு, அதுவும் இதே காரணத்தால்தான். குப்பியைத் திறந்தால் நூறு கோழி வந்தாக வேண்டும்.

எல்லையைப் பொறுத்தவரை, பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்படும் காலமே சிக்கலானது. 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளில் அது கண்டறியப்பட்டபோது, வாளையாறு தொடங்கி உங்கள் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரையுள்ள சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் நின்று, கேரளத்திலிருந்து வரும் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்பினர். மற்ற வண்டிகளின் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளித்தனர். நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டுக்கோழிகளும் அழிக்கப்படும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். அத்தகைய செய்தி வந்த வாரத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் குஞ்சு வாங்காதீர்கள், முன்பதிவு செய்திருந்தாலும் தள்ளி வையுங்கள். நீங்கள் மலம்புழையில் வாங்குவதால் எல்லை தாண்டும் தேவையே வராது. அது இன்னொரு நன்மை.

இப்போது உங்கள் ஏற்பாட்டைக் கேட்டபின் என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். தனி ஒரு வீடாக இருந்தால் வளர்ந்த குஞ்சு. பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் எடுப்பதானால், தடுப்பு மருந்து வீணாகாது என்பதால், ஒரு நாள் குஞ்சே எடுக்கலாம்.

---

கீரைப்பாத்தி (எருத்தேன்பதி):

அப்படியானால் கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது, குஞ்சு வருவதற்கு முன்பே அது தயாராக வேண்டும். நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரை சதுர அடி போதும், எட்டு வாரத்தில் ஒரு சதுர அடி, வளர்ந்தபின் இரண்டரை. தாயோடு விட்டாலும் முதல் இரண்டு வாரம் வலைக்கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். அந்த வயதில் பருந்தைவிடச் செம்போத்தும் காக்கையும்தான் அதிகம் தூக்கும், தாய் ஒன்றைத் துரத்தப் போகும் நேரத்தில் மற்றது வந்துவிடும். கூண்டுக்கு அறுகோணக் கோழிவலை போதாது. அதன் கண்ணுக்குள் கீரி தலையை நுழைத்துவிடும், பாம்புக்குக் கேட்கவே வேண்டாம். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள பற்றவைத்த வலை வாங்குங்கள், விலை கூடினாலும் ஒரே முறைதான். அடிப்பக்கம் வலையை ஒரு சாண் மண்ணுக்குள் இறக்கிக் கல் அடுக்கிவிட்டால் பெருச்சாளி குடையாது. தோப்பென்றால் மரநாய் நிச்சயம் இருக்கும். அது கொக்கியைத் தட்டித் திறக்கும், ஆகையால் நாதாங்கி போடுங்கள். தென்னையின் நேர் அடியில் கூண்டு வேண்டாம். ஒரு மட்டை விழுந்தால் கூண்டு நொறுங்கிவிடும், தேங்காய் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு வாரம் முடிந்ததும் குஞ்சுத் தீவனத்தை நிறுத்தி வளர்கோழித் தீவனத்திற்கு மாற்றுங்கள், குடற்புழு நீக்கும் மருந்தை அந்த வாரமே தொடங்கி இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனமும் கிளிஞ்சலும் முதல் முட்டைக்குச் சற்று முன்பு, ஐந்தாம் மாதத்தில் போதும். சேவல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குள் கழித்துவிடுங்கள். வீட்டு முட்டைக்குச் சேவலே தேவையில்லை, ஆனால் அடுத்த முறை அடை வைக்க மாமியார் கேட்பார்.